அரிக்கமேட்டை ஆங்கிலத்தில் வாசிக்க வைப்பது: எட்டாம், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தத் தொடங்கிய முதல் இரண்டு வருடம் நான் செய்தது இதுதான். ஒரு வரி வாசிப்பேன், தமிழில் சொல்வேன். அடுத்த வரி வாசிப்பேன், தமிழில் சொல்வேன். பிள்ளைகள் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேலும் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதிக்கொள்வார்கள். கேள்வி பதிலை போர்டில் எழுதிப் போடுவேன். பரீட்சையில் மதிப்பெண்ணும் வந்தது. பிறகு ஒரு நாள், அவர்கள் பார்த்தே இராத ஆறு வரிப் பத்தி ஒன்றைக் கையில் கொடுத்தேன். வகுப்பு முழுக்கத் தாளைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் எப்போது தமிழில் சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து வரிவரியாக மொழிபெயர்ப்பதை விட்டேன். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பது பிடிபடப் பல வருடம் ஆயிற்று. பல பாடங்களில் சோதித்துப் பார்த்ததில், ஒரு பழைய சின்னத்தைப் பற்றிய உரைதான் இதற்கு மிகவும் ஒத்துவந்தது. நம் பகுதிக்கு அது அரிக்கமேடு. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ் அரியாங்குப்பம் வழியாகத்தான் போகிறது. வகுப்பில் பாதிப் பேர் அந்த நிறுத்தத்தைக் கடந்தவர்கள். ஆனால் ஈராயிரம் வருடங்களுக்கு முன்னால் அங்கே என்ன நடந்தது என்று அநேகமாக யாருக்கும் தெரியாது. இடம் தெரியும், கதை தெரியாது. வாசிக்க வைப்பதற்கு இதைவிட நல்ல நிலைமை அமையாது.

கீழே உள்ளது ஐந்து பீரியட் வேலை. ஒரு பீரியட் 40 நிமிடம் என்று கணக்கு.

யாருக்கு இது ஒத்துவரும்

எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத பிள்ளைகளுக்கான முறை இது. எழுத்தே இன்னும் தகராறாக இருக்கிற பிள்ளைக்கு வேறு பயிற்சி வேண்டும், அதை இதோடு கலக்காதீர்கள். யார் எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கொடுக்கப்போகும் உரையிலிருந்து நூறு சொற்கள் வருகிற ஒரு பகுதியை எடுத்து, தெரியாத சொல்லின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள். ஐந்து கோடு வரை வந்தால் பிள்ளை தானாகவே சமாளிக்கும். பத்து வரை வந்தால் உங்கள் துணையோடு சமாளிக்கும். அதற்கு மேல் போனால் உரை கடினம். பிள்ளையைக் குறை சொல்லாமல் உரையை மாற்றுங்கள்.

உரையை நீங்களே எழுதுங்கள்

இணையத்தில் கிடைக்கிற கட்டுரையை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தால் இந்த வேலை நடக்காது. அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் போதும், 220 முதல் 250 சொற்களில் ஐந்து பத்தி எழுதிவிடலாம். நான் வைத்திருக்கும் உரையின் உள்ளடக்கத்தைச் சொல்கிறேன். இதை வைத்து உங்கள் சொந்த ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் பத்தி, இடம். புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கி.மீ. தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் ஒரு மேடு.

இரண்டாம் பத்தி, கண்டெடுத்த கதை. 18-ஆம் நூற்றாண்டில் ஃபிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ இங்கே வந்தபோது, ஊர்க்காரர்கள் ஆற்றங்கரையிலிருந்து பழைய பெரிய செங்கற்களை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எழுதி வைத்தார். 1937-இல் ழூவோ துப்ராய் என்ற ஃபிரெஞ்சு அறிஞர் இந்த ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து வண்ணக் கற்களை விலைக்கு வாங்கினார். அவருக்கு இங்கே கிடைத்தவற்றில் ஒரு கல்லில் மனிதத் தலை ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அவர் கருதினார்.

மூன்றாம் பத்தி, அகழாய்வு. 1945-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். இத்தாலியில் செய்த, குயவரின் முத்திரை குத்திய சிவப்புப் பாண்டங்களின் துண்டுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்பது ஏற்கெனவே தெரியும். ஆகவே அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த ஆம்ஃபோரா ஜாடிகளின் உடைசல்களும் கிடைத்தன.

நான்காம் பத்தி, பாசிமணி. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனைகளை மழுக்கி மணி செய்தார்கள். இந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசியா வரை பரவின.

ஐந்தாம் பத்தி, பிற்காலம். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி தலைமையில் மறுபடி அகழாய்வு நடந்தது. ரோம் நாட்டுச் சரக்கு என்று முன்பு நினைத்த ஒரு வகைத் தட்டு இந்தியாவிலேயே செய்தது என்பது தெளிவாயிற்று. ரோம வணிகத்துக்கு முன்பும் பின்பும் அங்கே மக்கள் வாழ்ந்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது. கடைசி வரி மட்டும் மேட்டில் இன்று நிற்கிற செங்கல் சுவர்களைப் பற்றியது. அவை 18-ஆம் நூற்றாண்டில் ஃபிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியவை.

அந்தக் கடைசி வரியைத் தவறவிடாதீர்கள். பாடத்தின் உயிர் அதில் இருக்கிறது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உரையைத் தட்டச்சு செய்யும்போது வரிகளுக்கு இடையே நல்ல இடைவெளி விடுங்கள். ஐந்து வரிக்கு ஒருமுறை ஓரத்தில் எண் போடுங்கள். "ஏழாம் வரியைப் பாரு" என்று சொல்ல முடிகிற வசதி வகுப்பையே மாற்றிவிடும்.

வாசிப்புக்கு முன்: ஏழு நிமிடம் போதும்

இங்கே நாம் எல்லோரும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறோம். அரை மணி நேரம் அறிமுகம் செய்தால் உரையில் இருப்பதை எல்லாம் நாமே சொல்லி முடித்துவிடுவோம், பிள்ளைக்கு வாசிக்க மிச்சம் இருக்காது. போர்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் தெரிந்தது, இரண்டாவதில் தெரிந்துகொள்ள விரும்புவது, மூன்றாவதில் தெரிந்துகொண்டது, அது கடைசிப் பீரியட் வரை காலி. 1986-இல் டோனா ஓகிள் என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுத்த முறை இது, கே-டபிள்யூ-எல் என்பார்கள். பிள்ளைகள் தமிழில் சொல்லட்டும், நீங்கள் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். தப்பாகச் சொன்னாலும் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். என் வகுப்பில் ஒரு பையன், "எங்க மாமா வீடு அரியாங்குப்பம்தான் டீச்சர். நான் போயிருக்கேன். ரோமன்காரங்க கட்டுன பெரிய செங்கல் சொவரு அங்க இன்னும் நிக்குது" என்றான். முதல் கட்டத்தில் எழுதினேன்.

சொற்களில் ஆறுக்கு மேல் முன்கூட்டிச் சொல்லித் தர வேண்டாம். மௌண்ட் (மேடு), பாட்டரி (மட்பாண்டம்), டிரேட், பீட் (பாசிமணி), எக்ஸ்கவேட், மிஷனரி. இந்த ஆறும் இல்லாமல் உரை நகராது. உடைந்த மண்சட்டித் துண்டு ஒன்றையும் ஒரு பாசிமணி மாலையையும் கையில் கொண்டுபோனால் இரண்டு சொற்களுக்கு விளக்கமே தேவைப்படாது. ஆம்ஃபோரா என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள்.

முதல் வாசிப்பு மௌனமாக

ஒருவன் எழுந்து உரக்க வாசிக்க, மற்றவர்கள் விரல் வைத்துப் பின்தொடர்வது நம் வகுப்புகளில் பழகிப்போன முறை. வாசிக்கிறவனுக்கு உச்சரிப்பு பற்றிய பயத்தில் பொருள் மனதில் ஏறாது. மற்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். முதல் வாசிப்பு வாய் மூடித்தான் நடக்க வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி கொடுங்கள்: இந்த ஐந்து பத்தியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு வைத்தால் என்ன வைப்பாய்? நான்கு நிமிடம். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போ என்று சொல்லுங்கள். அந்த நான்கு நிமிடமும் நீங்களும் பேசக்கூடாது, கரும்பலகையைக் கூட அழிக்காதீர்கள். தலைப்பு தமிழில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். "பிள்ளைங்க வித்த கல்லு" என்று இரண்டாம் பத்திக்கு ஒரு பெண் தலைப்பு வைத்தாள். பத்தியின் சாரம் அவளுக்கு முழுசாக வந்துவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும்? ஸ்கிம்மிங் என்று புத்தகங்களில் சொல்வது இதைத்தான்.

அடுத்து ஸ்கேனிங், அதாவது வேண்டிய ஒன்றை மட்டும் தேடிப் பிடிப்பது. இது பிள்ளைகளுக்கு விளையாட்டு. நீங்கள் கேட்க, அவர்கள் விரலை வைக்க வேண்டும். எந்த வருடம் வீலர் தோண்டினார்? கல்லில் யாருடைய தலை? பஸ் ஸ்டாண்டில் போர்டு பார்க்கும்போது எல்லா ஊரையும் வாசித்துக்கொண்டா நிற்கிறோம், விருத்தாசலம் வேண்டுமென்றால் அதை மட்டும்தானே கண் தேடுகிறது? அந்தக் கண்ணை இங்கே பயன்படுத்தச் சொல்லுங்கள். எண்களையும் பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களையும் கண் தானாகப் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். நாம் பெரும்பாலும் இதையே வாசிப்பு என்று நம்பி நின்றுவிடுகிறோம். பரீட்சைக் கேள்விகளில் பாதியும் இதைத்தான் சோதிக்கின்றன. பொருள் ஒன்றுமே புரியாமல் கூட இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிவிடலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

சொல்லை ஊகிப்பது

இரண்டாம் பீரியடில் ஆம்ஃபோராவை எடுங்கள். என் உரையில் அந்த வாக்கியம் இப்படி: 'வைன், ஆலிவ் ஆயில் அண்ட் ஃபிஷ் சாஸ் கேம் இன் ஆம்ஃபோரே, டால் ஜார்ஸ் வித் டூ ஹேண்டில்ஸ் அண்ட் எ பாயிண்டட் பேஸ்.' அகராதியைத் திறக்க விடாதீர்கள். காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதே விளக்கம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். "அந்த ஜாடியைப் படமா வரைஞ்சு காட்டுங்க" என்று சொல்லுங்கள். இரண்டு கைப்பிடியும் கூரான அடியும் வரைந்துவிட்டால் சொல் புரிந்துவிட்டது. யார் தட்டை அடி வரைந்தார்களோ அவர்கள் கடைசி மூன்று சொல்லை வாசிக்கவில்லை, திரும்ப அனுப்புங்கள்.

படம் வந்ததும் அடுத்த கேள்வி: அடி ஏன் கூராக இருக்கிறது? இதற்கு விடை உரையில் இல்லை. உரையில் உள்ளதையும் தனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அனுமானம் என்கிற திறன் இதுதான். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்புப் பிள்ளைகள் இங்கே முன்னால் வருவார்கள். படகு ஆடும், தட்டையாக வைத்தால் உருளும், கூர் அடி இருந்தால் ஒன்றின் இடுக்கில் ஒன்றைச் செருகலாம், மணலில் குத்தி நிறுத்தலாம். மீன் சாறு என்றதும் "கருவாட்டுத் தண்ணியா டீச்சர்?" என்று கேட்டவன் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை, ஆங்கில வகுப்பில் அதுவரை வாயே திறக்காதவன். மீனை உப்பிட்டு வெயிலில் புளிக்க வைத்து எடுத்த சாறு அது, காரும் என்று அதற்குப் பெயர். அவன் கிட்டத்தட்டச் சரியாகவே பிடித்திருந்தான்.

தெரிந்த சொல் ஏமாற்றுவதையும் காட்டுங்கள். முதல் பத்தியில் 'ஆன் தி பேங்க் ஆஃப் தி ரிவர்' என்று வரும். பிள்ளைகளுக்கு பேங்க் என்றால் பணம் போடுகிற இடம். ஆற்றில் ஏது பேங்க் என்று அவர்களே சந்தேகப்பட வேண்டும். பொருந்தாத அர்த்தம் வரும்போது நின்று யோசிக்கிற பழக்கம், புதிதாக நூறு சொல் மனப்பாடம் செய்வதைவிடப் பெரிது.

வாக்கியத்தைப் பிரிப்பது: இங்கே நிதானமாகப் போங்கள்

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுக்கி விழுவது சொல்லில் குறைவு, வாக்கிய அமைப்பில் அதிகம். காரணம் தமிழிலேயே இருக்கிறது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். 'மேட்டில் இன்று நிற்கிற சுவர்கள்' என்கிறோம். ஆங்கிலத்தில் சுவர் முதலில் வந்துவிடும், அதைப் பற்றிய விவரம் பின்னால் வரும்: 'தி பிரிக் வால்ஸ் தட் ஸ்டேண்ட் ஆன் தி மௌண்ட் டுடே வேர் பில்ட் பை ஃபிரெஞ்ச் மிஷனரீஸ்.' ஸ்டேண்ட் என்று ஒரு வினை வந்ததும் வாக்கியம் முடிந்துவிட்டது என்று பிள்ளை நினைக்கிறது. பிறகு இன்னொரு வினை வந்து நிற்கும்போது குழம்புகிறது.

இதற்கு நான் செய்வது. முதலில் தமிழ்ப் பெயரெச்சத்தை ஞாபகப்படுத்துவேன். 'வந்த பையன்', 'வாங்கிய மணி' என்று தமிழ் வகுப்பில் படித்ததுதான், ஒரு நிமிடம் போதும். பிறகு ஆங்கில வாக்கியத்தில் தட் என்ற சொல்லிலிருந்து டுடே வரைக்கும் ஒரு பெட்டி போடச் சொல்வேன். பெட்டியை விரலால் மூடினால் மிஞ்சுவது 'தி பிரிக் வால்ஸ் வேர் பில்ட் பை ஃபிரெஞ்ச் மிஷனரீஸ்'. வாக்கியத்தின் முதுகெலும்பு அதுதான். விரலை எடுத்தால் எந்தச் சுவர் என்ற விவரம் தெரியும். விச், ஹூ வரும் வாக்கியங்களிலும் இதே பெட்டிதான். ஒரு முழுப் பீரியட் இதற்குப் போனாலும் வீணில்லை. என் அனுபவத்தில், வாசிப்பு திடீரென்று திறந்துகொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது சுட்டுச் சொற்கள். இரண்டாம் பத்தியில் இப்படி மூன்று வாக்கியம் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன்: 'சில்ட்ரன் சோல்ட் பிரைட் ஸ்டோன்ஸ் டு எ ஃபிரெஞ்ச் ஸ்காலர். ஹி லுக்ட் அட் தெம் க்ளோஸ்லி. ஒன் ஆஃப் தெம் ஹேட் எ மேன்ஸ் ஹெட் ஆன் இட்.' தெம் என்றால் யார்? பிள்ளைகளா, கற்களா? முதல் முறை கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர் பிள்ளைகள் என்றார்கள். அப்படியானால் மூன்றாவது வாக்கியத்தின்படி ஒரு பிள்ளையின் மேல் ஒரு மனிதத் தலை இருந்திருக்க வேண்டும்! தமிழில் அவர்களை என்றும் அவற்றை என்றும் உயர்திணை, அஃறிணை பிரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தெம் ஒன்றேதான். ஆகவே ஒவ்வொரு சுட்டுச் சொல்லிலிருந்தும் அது குறிக்கிற பெயருக்கு அம்புக்குறி வரைய வைக்க வேண்டும். தாள் அம்புகளால் நிறைந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது, தயங்குகிற சொற்கள். 'விச் வாஸ் ஒன்ஸ் தாட் டு பி ரோமன், இஸ் நவ் நோன் டு பி இந்தியன்' என்று ஐந்தாம் பத்தியில் வரும். உள்பக்கம் வளையம் வளையமாகச் சிறு கொத்துக்கோடுகள் உள்ள அந்தத் தட்டு வகையை முதலில் மேற்கிலிருந்து வந்தது என்றே எண்ணினார்கள். பின்னால் வந்த ஆய்வு அதை மாற்றியது. ஒன்ஸ் தாட் என்ற இரண்டு சொல்லைத் தாண்டிப் போகிற பிள்ளை அந்தத் தட்டு ரோமிலிருந்து வந்தது என்றே எழுதும். ப்ராபப்ளி, மே ஹேவ், ஒன்ஸ் தாட் போன்றவற்றை மஞ்சள் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். வரலாறு எழுதுகிறவர்கள் எங்கே உறுதியாகப் பேசுகிறார்கள், எங்கே யோசித்துப் பேசுகிறார்கள் என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும்.

நான்காம் பத்திக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மணி செய்யும் வாக்கியங்களைத் துண்டுகளாக வெட்டிக் கலைத்துக் கொடுங்கள். ஃபர்ஸ்ட், தென், ஃபைனலி பார்த்து இருவர் இருவராக அடுக்கட்டும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் இந்த வேலையில் மற்றவர்களோடு சமமாக நிற்பார்கள்.

சுவர்

நான்காம் பீரியடில் போர்டில் உள்ள முதல் கட்டத்துக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு வரியையும் எடுத்து, உரை இதை ஆமோதிக்கிறதா, மறுக்கிறதா, ஒன்றும் சொல்லவில்லையா என்று கேளுங்கள். எந்த விடை சொன்னாலும் வரி எண் சொல்ல வேண்டும். இதுதான் விதி.

ரோமானியர் கட்டிய சுவர் என்ற வரி வந்தது. மாமா வீட்டுப் பையன் உறுதியாக இருந்தான்.

"நான் தொட்டே பார்த்திருக்கேன் டீச்சர்."

"சொவர தொட்டியா, யார் கட்டுனாங்கன்னு தொட்டியா? எந்த வரியில இருக்குது, காட்டு."

தேடினான். வகுப்பும் தேடியது. கடைசி வரிக்கு வந்ததும் பெட்டி போட்டான், விரலால் மூடினான், உதடு அசைய வாசித்தான். ஃபிரெஞ்ச் மிஷனரீஸ் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். தன் கண்ணால் பார்த்ததை ஒரு வாக்கியம் திருத்தியிருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இடம் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பு எளிது என்று கல்வியியல் சொல்கிறது, அது உண்மையும்கூட. ஆனால் தெரிந்த இடமே கண்ணை மறைக்கவும் செய்யும். ஏற்கெனவே மனதில் இருப்பதைத் தாளில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பிள்ளை வாசிக்காமலே தாண்டிவிடும். ஆகவே நீங்கள் எந்த ஊரின் எந்தச் சின்னத்தை எடுத்தாலும், ஊரார் பொதுவாக நம்புவதற்கு மாறான, உறுதியாகத் தெரிந்த ஓர் உண்மையை உரையில் ஒரு வரியாக வையுங்கள். தடித்த எழுத்தில் போடாதீர்கள், சாதாரணமாக ஒரு பத்தியின் கடைசியில் கிடக்கட்டும்.

உரக்க வாசிப்பதும் எழுதுவதும்

பொருள் தெரிந்த பிறகு உரக்க வாசிக்க வையுங்கள். இப்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பெட்டி போட்ட இடங்களில் குரல் தானாக இறங்கி ஏறும். இருவர் இருவராக, ஆளுக்கு ஒரு பத்தி. நீங்கள் நடுவில் நடந்துகொண்டே காது கொடுங்கள், உச்சரிப்பைப் பாதியில் நிறுத்தித் திருத்த வேண்டாம்.

எழுத்து வேலைக்குச் சுருக்கம் எழுது என்று சொன்னால் உரையையே பார்த்து எழுதிவிடுவார்கள். நான் கொடுப்பது வேறு: அரிக்கமேட்டுக்கு வருகிற ஒரு வெளியூர்க் குடும்பத்துக்காக, சுவருக்குப் பக்கத்தில் வைக்கிற அறிவிப்புப் பலகையில் எழுத ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம். எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்று தேர்ந்தெடுக்கும்போதுதான் முக்கியக் கருத்து எது என்ற கேள்வி அவர்களுக்கு உண்மையான கேள்வியாகிறது. பெரும்பாலானோர் முதல் வாக்கியமாகச் சுவரைப் பற்றித்தான் எழுதினார்கள்.

சோதிக்கும்போது ஆறு கேள்வி போதும். இரண்டு உரையிலிருந்து நேராக எடுப்பவை, இரண்டு அனுமானம், ஒன்று சுட்டுச் சொல், ஒன்று 'உரை இதைச் சொல்கிறதா இல்லையா' வகை. அனுமானக் கேள்விக்கு விடையைத் தமிழில் எழுத அனுமதியுங்கள். நீங்கள் சோதிப்பது வாசிப்பை. ஆங்கிலத்தில் எழுத முடியாததால் வாசித்துப் புரிந்துகொண்ட பிள்ளை சுழியம் வாங்குவது அநியாயம். தமிழைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் தமிழே கூடாது என்று நான் சொல்லவில்லை. யோசிக்கவும் வாதாடவும் சந்தேகம் கேட்கவும் தமிழ் வேண்டும். பிள்ளை வாசிக்கும் முன்பே அதன் வாயில் ஊட்டுவதற்குத்தான் தமிழ் வேண்டாம்.

முடிந்தால் கூட்டிப் போங்கள்

பாடம் முடிந்த பிறகு, முன்னால் அல்ல. முதலில் புதுச்சேரியில் பாரதி பூங்கா பக்கத்தில் உள்ள அருங்காட்சியகம், பிறகு மேடு. காரணம் எளிது. மேட்டில் பார்க்க மரங்களும் அந்தச் சுவர்களும் ஆறும்தான், அகழ்ந்த குழிகளை எப்போதோ மூடிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் மணிகளையும் பானை ஓடுகளையும் பார்த்துவிட்டுப் போனால் காலடி மண் வேறு மாதிரி தெரியும். அரிக்கமேட்டில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து கீறிய ஓடுகளும் கிடைத்திருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதே மேட்டில் ஒருவர் இத்தாலியக் குயவரின் முத்திரை உள்ள தட்டில் சாப்பிட்டிருக்கலாம், இன்னொருவர் தன் பானையில் தமிழில் பெயர் கீறியிருக்கலாம். மேட்டில் எதையும் பொறுக்கி வரக்கூடாது, அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பஸ் ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். தகவல் பலகைகளில் உள்ள ஆங்கிலத்தை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லாதீர்கள். நேரம் கொடுத்து நின்றால் அவர்களே வாசிப்பார்கள்.

அடுத்த உரை

ஒரு உரையோடு திறன் தங்காது. இரண்டு வாரத்துக்குள் அடுத்ததைக் கொடுக்க வேண்டும், இம்முறை மூன்று பீரியடில் முடியும்படி. கடலூர்ப் பிள்ளைகளுக்குத் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை பொருத்தம். 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு போய் விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஏற்பாடு. குண்டு கிராமங்கள் என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. 1758-இல் ஃபிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள்.

இந்த உரையில் செயப்பாட்டு வினையை நிறையப் பயன்படுத்துங்கள்: 'தி கன் வாஸ் ஃபயர்ட். தி வில்லேஜஸ் வேர் டேக்கன்.' யார் சுட்டார், யார் எடுத்துக்கொண்டார் என்று வாக்கியத்தில் எழுதாதீர்கள். என் வகுப்பில் முதல் பத்தி முடிவதற்குள்ளேயே பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். "சுட்டது யாருன்னு இதுல போடலையே டீச்சர்? அந்த ஊர்க்காரங்கள யாராவது கேட்டாங்களா?"